ஏழாவது பெயர்

ஜூலை 2, ஞாயிறு

பெண்கள் ஐக்கியத்தில் போதகரம்மா வருஷத் தொடக்கத்தில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். இடப்பக்கம் ஜெப விண்ணப்பத்தை எழுத வேண்டும். அது கேட்கப்பட்டதும் வலப்பக்கம் தேதி போட வேண்டும். வருஷக் கடைசியில் புரட்டிப் பார்த்தால் கர்த்தர் எவ்வளவு செய்திருக்கிறார் என்று தெரியுமாம். நான் இடப்பக்கம் ஒரே வரிதான் எழுதினேன்: என் வீட்டுக்காரர் வீடு வந்து சேர வேண்டும். ஆறு மாதமாக வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நல்ல வழவழப்பான தாள். வீணாக்குவானேன் என்று இன்று முதல் இதில் நாட்குறிப்பு எழுதப் போகிறேன்.

அவர் பெயர் ஜெயசிங். கப்பலில் எஞ்சின் பழுது பார்க்கிற பிட்டர் வேலை. பதினொரு மாதமாக அந்தக் கப்பல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே, கரை கண்ணில் படுகிற தூரத்தில், நங்கூரம் போட்டு நிற்கிறது. முதலாளி கப்பலையும் ஆட்களையும் கைவிட்டு எங்கேயோ ஓடிவிட்டான். இவர்களைக் கரையில் இறங்க விடமாட்டார்கள். ஆளில்லாமல் கப்பலை விடவும் விடமாட்டார்கள். பதினாலு பேரில் எட்டுப் பேரை எப்படியோ ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சம் ஆறு பேர். அந்தக் கப்பலின் பெயரை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. அதற்கு அந்த மரியாதை கிடையாது.

ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் பொன்னையா ஜெபக் குறிப்பு வாசிப்பார். இவர் பெயர் ஏழாவது. ஆறாவது ஞானமுத்துவின் கால் புண், எட்டாவது நல்ல மழை. "கப்பலில் தவிக்கும் சகோதரன் ஜெயசிங்" என்று வாசிக்கும்போது தவிக்கும் என்ற இடத்தில் ஒரு இழுப்பு இழுப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அதற்குப் பின்னால் முழுச் சபையும் ஆமென் என்று சொல்லும்போது வயிற்றில் ஒரு தெம்பு வரத்தான் செய்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 6, வியாழன்

எஸ்தர் டீச்சர் பிளவுசுக்காக மூன்றாம் தடவை வந்தார்கள். "நாளைக்குத் தாரேன் டீச்சர்" என்றேன்.

"நீ சொல்லுத நாளைக்கு எந்த மாசம்மா வரும்?"

சிரித்துச் சமாளித்து அனுப்பினேன். அலமாரியில் பதினெட்டுத் துணி கிடக்கிறது. ஊரில் எல்லோரையும் காக்க வைக்கிற தையல்காரி நான். என்னைக் காக்க வைக்கிறவரிடம் யார் போய்ச் சண்டை போட.

ஜூலை 9, ஞாயிறு

ஏழாவது பெயர். ஆமென். மழை இல்லை.

ஜூலை 14, வெள்ளி

இன்று உபவாச ஜெபம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. அவர்தான்.

"பியூலா, ஊருக்கு அனுப்ப ஆர்டர் வந்துட்டு. ரெண்டு பேர் போலாம்ங்காவ. என் பேருதான் மொதல்ல இருக்கு."

"எழுத்துல பாத்தியளா, இல்ல யாராவது சொன்னாவளா?" என்று கேட்டேன்.

"எழுத்துலதான். பேரு, பாஸ்போர்ட் நம்பரு எல்லாம் போட்டிருக்கு. அடுத்த சனிக்கிழம டிக்கெட்."

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ரூபி பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக் கூட இறக்காமல் நின்றாள். "அப்பாக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லட்டி. வாராவ" என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, மூக்கைச் சேலையில் துடைத்தாள், என் சேலையில். இரண்டு வாழைப்பழத்தோடு உபவாசத்தை முடித்தோம்.

அந்த ஒற்றை வரிக்கு நேரே தேதி போட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

கர்த்தர் செய்ததைச் சபை முன்னால் சாட்சி சொன்னேன். ஆராதனைக்கு முன்னால் போதகரிடம் சொல்லப் போனபோது அவர், "அவரு வந்து எறங்கட்டுமேம்மா. ரெண்டு பேருமா நின்னு சொல்லலாம்" என்றார். நான் பெரிய இவள் மாதிரி, "காணும் முன்ன சொல்லதுதான ஐயா விசுவாசம்" என்றேன்.

நின்று பேசினேன். உபவாச நாளில் போன் வந்ததைச் சொன்னபோது பாதிச் சபை அழுதது. ஸ்தோத்திரக் காணிக்கையைக் கவரில் போட்டுப் படைத்தேன். பொன்னையா அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எல்லோரும் பார்க்க, ஏழாவது பெயரை ஒரே கோடாக அடித்தார். எங்கள் சபையில் அதுதான் வழக்கம். காணிக்கை படைத்தாயிற்று என்றால் விண்ணப்பம் முடிந்தது. சபையார் கை தட்டினார்கள். மழை ஏழாவது இடத்துக்கு ஏறியது.

வெளியே வரும்போது செல்லக்கனியின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். செல்லக்கனிக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இரண்டு வருஷமாகக் கோயிலுக்கே வருவதில்லை. "ஒன் சாட்சிய அவகிட்ட போய்ச் சொல்லப் போறேன். அடுத்த வாரம் அவளக் கூட்டிட்டு வாரேன்" என்றார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 20, வியாழன்

அவருக்கு ஒரு சட்டை தைத்தேன். மெலிந்திருப்பாரே, அளவைக் குறைக்கட்டுமா என்று கேட்டிருந்தேன். "பழைய அளவுக்கே தையி. வந்து தேறிருவேன்" என்றார். எஸ்தர் டீச்சர் பிளவுசையும் முடித்துக் கொடுத்துவிட்டேன். டீச்சர் அதிசயமாகப் பார்த்தார்கள்.

ஜூலை 21, வெள்ளி

போன் வந்தது. "தள்ளிப் போயிருக்கு பியூலா" என்றார்.

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

"யாரு தள்ளினா?"

"பேப்பர்ல ஒரு சிக்கல். நீ மனசத் தளர விட்ராத" என்றார். அவரே முதலில் போனை வைத்தார். இதுவரை அப்படி வைத்ததில்லை. எப்போதும் நான் வைக்கிற வரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார்.

ஜூலை 22, சனி

அவர் வரவேண்டிய நாள். பதினொரு பிளவுசுக்கு ஹூக் வைத்தேன்.

ஜூலை 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று ரூபியிடம் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தவள், "செல்லக்கனி அத்த வந்திருந்தாவம்மா. மொத பெஞ்சுல" என்றாள்.

அப்போதுதான் நிஜமாகவே தலைவலி வந்தது.

ஜூலை 30, ஞாயிறு

போனேன். எத்தனை வாரம் தலையை வலிக்க வைக்க முடியும். வாசலிலேயே எஸ்தர் டீச்சர், "வந்துட்டாவளா, எங்க காணோம்?" என்றார்கள். பக்கத்தில் செல்லக்கனி நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

"சென்னைக்கு வந்துட்டாவ டீச்சர். ஆபிசுல பேப்பர் வேல இருக்காம்" என்றேன்.

வாயில் தானாக வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு யோசித்தேன். வரவில்லை என்று சொன்னால் என் சாட்சி கெட்டுப்போகும். என் சாட்சி கெட்டால் இன்றைக்கு வந்தவள் நாளைக்கு வரமாட்டாள். அவர் எப்படியும் இரண்டு வாரத்தில் வந்துவிடுவார், பொய் தானாக உண்மையாகிவிடும். கர்த்தருடைய பெயரைக் காப்பாற்றத்தான் சொன்னேன். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பொன்னையா அண்ணன் பட்டியல் வாசித்தார். கால் புண், மழை, பிறகு யாருக்கோ கண் ஆபரேஷன். என் காது ஒரு பெயருக்குக் காத்துக்கொண்டிருந்தது. அது வரவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

சென்னையில் வேலை முடியவில்லை, மும்பைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். ரூபி பக்கத்தில் நின்றாள். வீட்டுக்கு நடக்கும்போது, "எம்மா, அப்பாவ மும்பைக்கு வேற அனுப்பிட்டியா?" என்றாள்.

"ஒனக்கு வெவரம் தெரியாது. சும்மா வா."

"கிளாஸ்ல ஒருத்தி மும்பையில இருந்து ஒங்கப்பா என்ன வாங்கிட்டு வருவாருன்னு கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

நடையை எட்டிப் போட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பெற்ற பிள்ளையின் வாயைத்தான் என்னால் மூட முடிந்தது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சாயங்காலம் பேசினார். சாமான் கொண்டுவரும் படகு பத்து நாளாக வரவில்லையாம். மீன் பிடித்துச் சுட்டுத் தின்கிறார்களாம். ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டுகிறார்கள். குரலில் இருமல்.

"சளி கட்டிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரூபி படிக்காளா? கோயிலுக்குப் போனியளா?"

"போனோம்."

"என் பேர வாசிச்சாவளா?"

"ம்" என்றேன்.

"சரி சரி" என்றார். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் தவறாமல் இதை ஒரு தடவை கேட்டுவிடுகிறார். வேறு பேச்சே இல்லாத மாதிரி.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

முழங்காலில் நின்றேன். சொல்ல ஒன்றும் வரவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாயிற்று. ஒரே துணியை எத்தனை தரம் பிரித்துப் பிரித்துத் தைப்பது. எழுந்து போய் மாவு கரைத்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கோயிலில் கேட்டவர்களிடம் மும்பை என்றேன். போனில் அவர், வாசித்தார்களா என்றார். ம் என்றேன்.

செப்டம்பர் 16, சனி

காலையில் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ நின்றது. மெலிந்து, கண்ணெல்லாம் உள்ளே போன ஒருவன் இறங்கினான். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"மைனி, என்னத் தெரியாது ஒங்களுக்கு. நான் எடிசன். அண்ணன்கூட கப்பல் எஞ்சின் ரூம்ல ஆயிலரா இருந்தேன். உடன்குடிக்கு அங்கிட்டு நம்ம ஊரு. இவ ஷீபா, என் வீட்டுக்காரி."

"அவருக்கு என்ன?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது.

"அண்ணன் நல்லா இருக்காவ மைனி. பயப்படாதிய."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். உட்கார்ந்தும் உட்காராமலும் ஷீபா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க மட்டும் வேண்டாம்னு சொல்லியிருந்தா இந்தப் பிள்ளைக்கு அப்பா இல்ல."

"என்னத்த வேண்டாம்னு?" என்றேன்.

எடிசன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எஞ்சின் தெரிந்த ஆள் ஒருவர் கப்பலில் இருந்தே ஆக வேண்டும் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்களாம். எஞ்சின் தெரிந்தவர்கள் இவனும் என் வீட்டுக்காரரும்தான். ஆர்டரில் போட்டிருந்தது என் வீட்டுக்காரர் பெயர். இவன் நிற்க வேண்டும். ஷீபாவுக்கு அப்போது நிறைமாதம், ரத்தக் கொதிப்பு ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவன் சாப்பாட்டை விட்டுவிட்டான். இரண்டு தடவை கடலில் குதிக்கக் கப்பல் கம்பியில் ஏறிவிட்டான். இரண்டாம் தடவை என் வீட்டுக்காரர்தான் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாராம். படகு வருவதற்கு முந்தின நாள் ஏஜென்டிடம் பேசி, ஆர்டரில் பெயரை மாற்ற வைத்திருக்கிறார்.

"நான் மாட்டேன்னுதான் மைனி சொன்னேன். அப்பதான் அண்ணன், 'எம் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டேம்ல, அவ ஒன்னப் போகச் சொல்லிட்டா'ன்னாவ. அதக் கேட்டுத்தான் நான் படகுல ஏறுனேன். ஒங்களக் கேக்காம செஞ்சிருந்தா ஏறியிருக்கவே மாட்டேன்."

அவர் என்னைக் கேட்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். சீனியைப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன். ஷீபா பிள்ளையை என் மடியில் வைத்தாள். ஆண் பிள்ளை, ஒன்றரை மாதம் ஆகிறது. மடியை நனைத்துவிட்டது. அவள் பதறினாள். "கெடக்கட்டும், பிள்ளதான" என்றேன்.

எழுந்து போகும்போது எடிசன் சொன்னான்: "மைனி, மொத ஸ்தோத்திரக் காணிக்கைய ஒங்க கோயில்லதான் படைக்கணும்னு இருக்கேன். அக்டோபர் பதினஞ்சு வரட்டுமா? சாட்சி சொல்லணும்."

"பாப்போம்" என்றேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

போகவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

கோபம் என்றால் கொஞ்ச நஞ்சக் கோபம் இல்லை. யார் மேல் என்பதுதான் தெரியவில்லை. பதினொரு மாதம் முழங்கால் தேயக் கேட்டேன். கர்த்தர் கேட்டார். எழுத்தில் கொடுத்தார், பாஸ்போர்ட் நம்பர் போட்டுக் கொடுத்தார். இந்த மனுஷன் அதை அப்படியே எடுத்து இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டார். இனி எந்த முகத்தோடு போய்த் திரும்பக் கேட்பேன்? கொடுத்தாயிற்றே மகளே, உன் வீட்டுக்காரனைக் கேள் என்று சொல்லிவிட்டால்?

அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாகத் திட்டியாவது தீர்த்திருப்பேன். அதன் உச்சந்தலை வாசம் சேலையிலேயே இருந்தது. சேலையை ஊறப் போட்டேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

போன் வந்ததும், "எடிசன் வந்தான்" என்றேன்.

"சொல்லிட்டானா" என்றார்.

"ஒங்க பொண்டாட்டி போகச் சொன்னாளாம்லா. எந்தப் பொண்டாட்டி?"

"எனக்கு வேற யாரு இருக்கா."

"என்கிட்ட கேட்டியளா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ வேண்டாம்னுருவ. வேண்டாம்னு சொல்லிட்டு, அவனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நீதான் காலம்பூரா அத நெனச்சுக் கஷ்டப்படுவ. அதான் கேக்கல."

"நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன். உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது.

"தெரியும்" என்றார். இருமினார். அப்புறம், "கோயிலுக்குப் போனியா? வாசிச்சாவளா?" என்றார்.

"ம்."

அக்டோபர் 1, ஞாயிறு

எடிசன் போன் செய்தான். பதினைந்தாம் தேதி வேன் பேசட்டுமா என்றான். அவன் இங்கே வந்து நின்று, அண்ணன் இன்னும் கப்பலில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் சென்னையும் மும்பையும் சபை நடுவில் கிழிந்துவிடும். "எதுக்கு எடிசன் அவ்வளவு தூரம். கைப்பிள்ளக்காரி. ஒங்க கோயில்லயே படைச்சிருங்க" என்றேன்.

அவன் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"அங்க ஞாயித்துக்கிழமன்னா காலையில எட்டரைக்கு அண்ணன் டெக்குல வந்து நிப்பாவ மைனி. நம்ம ஊர்ல அப்ப பத்து மணியாம். 'இப்ப எங்க கோயில்ல என் பேர வாசிப்பாவ, ஏழாவது பேரு'ம்பாவ. சாப்பாடு இல்லாத நாள்லயும் சட்டையத் தொவச்சுப் போட்டுட்டு நிப்பாவ. எங்களையும் கூப்பிட்டு நிறுத்துவாவ. நான் கெளம்புததுக்கு முந்தின ஞாயிறு கூட, என் கையப் பிடிச்சு நிறுத்தி, 'எல, இப்ப எரநூறு பேரு நமக்கு ஆமென் சொல்லுதாவ'ன்னாவ. அந்தக் கோயில்ல ஒரு தடவ நிக்கணும்னு ஆச மைனி. அவ்வளவுதான்."

அவன் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஜூலை பதினாறு. எடிசன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கே நின்ற அதே நேரத்தில்தான் நான் இங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பொன்னையா அண்ணன் பேனாவை எடுத்தார்.

எடிசனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

பன்னிரண்டு ஞாயிறு. விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டு ஞாயிறும் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்.

அவர் எனக்குத் தெரியாமல் ஒரு பொய் சொன்னார், ஒருவன் உயிரோடு வீட்டுக்குப் போனான். நானும் ஒரு பொய் சொன்னேன். அதில் யாருக்கு என்ன கிடைத்தது?

அக்டோபர் 8, ஞாயிறு

இன்று எழுந்து சொல்லிவிடலாம் என்று போனேன். சாட்சி நேரத்தில் எழும்பவில்லை. முதல் பெஞ்சில் செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள், புதுச் சேலை, நான் தைத்துக் கொடுத்த பிளவுஸ். பார்த்ததும் இன்னும் அழுந்தி உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் ரூபி சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ சொல்லலன்னா அடுத்த வாரம் நான் சொல்லுவேம்மா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் அப்பா பேசுகிற மாதிரியே பேசினாள்.

பதின்மூன்று.

அக்டோபர் 11, புதன்

எடிசனை வரச் சொல்லிவிட்டேன். எட்டுப் பேருக்குச் சாப்பாடு. கோழிக்குழம்பு வைத்தால் போதும்.

அக்டோபர் 15, ஞாயிறு

பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன். இனிமேல் மாற்றிச் சொல்ல இடம் இருக்கக் கூடாது.

எடிசனும் ஷீபாவும் எனக்குப் பின் பெஞ்சில் இருந்தார்கள். சாட்சி நேரம் என்றதும் அவன் எழுந்திருக்கும் முன்னால் நான் எழுந்தேன். மைக்கை ரூபியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

"ஜூலை மாசம் நான் இங்க நின்னு, அவரு வாராருன்னு சொன்னேன். அவரு வரல. சென்னைக்கும் வரல, மும்பைக்கும் வரல. இன்னிக்கும் அந்தக் கப்பல்லதான் இருக்காவ. அவருக்கு வந்த ஆர்டர அவரு இந்தப் பிள்ளைக்கு விட்டுக்குடுத்துட்டாவ. அது எனக்குப் பொறவுதான் தெரியும். ஆனா அவரு வரலங்கது எனக்கு அப்பவே தெரியும். சாட்சி கெட்டுப்போகுமேன்னு ஒங்ககிட்ட பொய் சொன்னேன். அதனால பதிமூணு ஞாயிறு நீங்க யாரும் அவருக்காக ஜெபிக்கல. அவரு ஒவ்வொரு ஞாயிறும் இந்த நேரத்துக்கு டெக்குல வந்து நிக்காவளாம், நாம ஜெபிக்கோம்னு நெனச்சுக்கிட்டு. எனக்கு வேற ஒண்ணும் சொல்ல இல்ல. அவரு பேர மறுபடி எழுதணும்."

எஸ்தர் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போதகர் தலை குனிந்திருந்தார். என்னைத் திட்டக் கூட யாரும் இல்லை என்று இருந்தது.

பொன்னையா அண்ணன் மெதுவாகப் பேனாவை எடுத்தார். "எங்கம்மா எழுத? ஏழாவது எடத்துல மழை இருக்கு. அது இன்னும் பெய்யல" என்றார்.

"கடைசியில எழுதுங்கண்ணே" என்றேன்.

பதினொன்றாவது பெயராக எழுதினார். அப்போது செல்லக்கனி எழுந்தாள். வெளியே போகிறாள் என்றுதான் நினைத்தேன், வழிவிட்டு ஒதுங்கினேன். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டாவதா என் பேர எழுதுங்கண்ணே. நீங்க எழுதியிருந்தத ரெண்டு வருஷத்துக்கு முன்ன நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. எழுதியதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு எடிசன் எழுந்தான். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. ஷீபா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அதுவே போதுமாக இருந்தது.

பட்டியல் வாசிக்கும்போது மணி பத்தைத் தாண்டி ஏழு நிமிஷம். கண்ணை மூடாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெயருக்கு ஆமென் சொல்லும்போது சிலர் வாயைத் திறக்கவில்லை. என் மேல் உள்ள கோபம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மிச்சப் பேர் சொன்னார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் பேசினார்.

"வாசிச்சாவளா?"

"வாசிச்சாவ."

"ஏழாவதா?"

"பதினொண்ணாவது."

"என் பேரு கீழ எறங்கிட்டே" என்றார்.

"எறங்கல. அடிச்சுட்டாவ. இன்னிக்குத்தான் புதுசா எழுதுனாவ" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலையிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. தண்ணீர் கப்பலில் மோதுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இந்த மூணு மாசமும் யாரும் வாசிக்கலயா?"

"இல்ல."

"நீயாவது ஜெபிச்சியா?"

அதற்கும் பொய் சொல்ல வாய் வரை வந்தது. "ஆகஸ்ட்டுக்குப் பொறவு இல்ல. முடியல" என்றேன்.

அவர் இருமி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலயே, பியூலா" என்றார். "எப்பவும் போலதான் இருந்துச்சு."

"எப்பவும் போலன்னா?"

"நிக்க முடிஞ்சுது."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரூபி எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார், எடிசன் பிள்ளை யார் சாடை என்று கேட்டார். அடுத்த ஞாயிறும் எட்டரைக்கு நிற்பதாகச் சொன்னார். நான் வைக்கிற வரைக்கும் போனை வைக்கவில்லை.